படிகளும் விதிகளும்

ஊன்றுகோலோடு நடக்கும் எனக்குச் சட்டத்தைவிடப் படிக்கட்டே பழக்கமானது. உடற்குறை வேறு, அதனைச் சாக்கிட்டுச் சமுதாயம் நம்மை முடக்குவது வேறு என்று 1976இல் பிரிட்டனின் ஊனமுற்றோர் சங்கமொன்று வகுத்துரைத்தது. மெய்தான், ஆனால் கோட்பாடு படிகளை இடிப்பதில்லை.

சட்டமும் தானாக இடிப்பதில்லை. அரசுப் பணம் பெறும் எத்திட்டத்திலும் ஊனமுற்றவரை ஒதுக்கலாகாது என்று அமெரிக்கச் சட்டத்தின் 504ஆம் பிரிவு 1973இலேயே விதித்தது. அதற்கான விதிகளுக்கு ஒப்பமிடாமல் நான்காண்டுகள் இழுத்தடித்தனர் ஆட்சியாளர். 1977 ஏப்ரல் 5இல் ஜூடி ஹியூமன் முதலியோர் சான்பிரான்சிஸ்கோவின் கூட்டரசு அலுவலகத்துள் புகுந்து அமர்ந்துவிட்டனர். தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, செவிகேளாதோர் சன்னல் வழியே சைகைமொழியில் செய்தி அனுப்பினர். கருஞ்சிறுத்தைக் கட்சியினர் நாள்தோறும் உணவு சமைத்துக் கொணர்ந்தனர். பசித்தவனுக்கல்லவா பசி தெரியும்!

என்னை வியக்கவைப்பது வேறொன்று. அவர்கள் புதுச் சலுகை எதுவும் கேட்கவில்லை. எழுதிவைத்த விதிகளைச் சிதைக்காமல் ஒப்பமிடுக என்றே கேட்டனர். வரைவை வரிவரியாகப் படித்தவர்க்கன்றோ அவ்வாறு கேட்க இயலும்? அலுவலகத்தை முற்றுகையிட்டவர்களே, தம்முட் சிலரை வாஷிங்டனுக்கு அனுப்பி அதே அரசோடு வாதாடவும் செய்தனர். சிலர் அதனைச் சமரசம் என்பர். நான் அவ்வாறு கருதவில்லை.

ஏப்ரல் 28இல் அமைச்சர் கலிஃபானோ ஒப்பமிட்டார். அமர்ந்திருந்தவர்கள் 30ஆம் நாள்தான் வெளியே வந்தனர்.