கடலுக்கும் பஞ்சாங்கம் உண்டு!

முழுப் பரீட்சை முடிந்து, குழந்தைகள் புத்தகப் பையை மூலையில் வீசிய மறுநாளே வீட்டில் ஒரு மகாநாடு கூடிவிடும். "இந்த வருஷம் எங்கே?" என்பதுதான் விவாதப் பொருள். ஊட்டி பார்த்தாயிற்று. கொடைக்கானல் இரண்டு தடவை பார்த்தாயிற்று. எதிர் வீட்டு மாமி வேறு, மாலத்தீவு போய் வந்த படங்களைக் கைப்பேசியில் காட்டிக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டிருப்பாள். கடைசியில், "வெளிநாட்டுக் கடற்கரை ஒன்றுக்குப் போவது" என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். நிதி இலாகா மட்டும், வழக்கம் போல, உங்கள் தலையில்!

சரி, சகோதரி, நிதி மந்திரி என்ற முறையில் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? "விமான டிக்கெட் எவ்வளவு?" என்றுதானே? அதைச் சற்றுத் தள்ளி வையுங்கள். "நாம் போகிற மாதத்தில் அங்கே கடல் எப்படி இருக்கும்?" என்பதுதான் முதல் கேள்வி.

ஏன் தெரியுமா? நம்மைச் சுற்றியுள்ள உஷ்ணப் பிரதேசக் கடல்களில் காற்று வைத்ததுதான் சட்டம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது மேற்குப் பார்த்த கரைகளில் அலை பொங்கும், மழை கொட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று. அப்போது கிழக்குக் கரைகளின் முறை. தாய்லாந்தின் புக்கெட் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பேர் பெற்ற கடற்கரைகள் எல்லாம் மேற்குப் பக்கம்தான். மே மாதம் பிறந்தால் அங்கே கரையில் சிவப்புக் கொடி ஏறத் தொடங்கும். இறங்காதே என்று அர்த்தம். அதை அலட்சியம் செய்து இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு. ஓட்டல்காரர்கள் "சலுகை விலை" என்று கூவி அழைப்பதும் அதே மாதங்களில்தான்! அறை மலிவாகக் கிடைக்கும், கடல் கிடைக்காது. ஜன்னல் வழியே மழையைப் பார்ப்பதற்கு நம் மாம்பலத்து ஜன்னல் போதாதா?

நம் குழந்தைகளுக்கு விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அந்த நாட்களில் எந்தக் கடல் சாதுவாக இருக்கும் என்று பார்ப்போம்.

மாமி சொன்ன மாலத்தீவு? ஒரு தீவுக்கு ஒரே ஓட்டல் என்பது அங்கே பழைய ஏற்பாடு. பக்கத்துக் கடைக்குப் போய் இரண்டு இட்லி சாப்பிடலாம் என்று நினைக்கவே முடியாது, கடையே கிடையாது. விமான நிலையத்திலிருந்து அந்தத் தீவுக்குப் போகும் விசைப்படகுக்கோ கடல் விமானத்துக்கோ தனிக் கட்டணம். ஆனால் 2009-க்குப் பிறகு ஜனங்கள் வசிக்கும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் வந்துவிட்டன. மாஃபுஷி என்ற தீவு அதற்குப் பெயர் போனது. செலவு வெகுவாகக் குறையும். ஊருக்குள் அடக்கமான உடை வேண்டும் என்பார்கள். சுடிதாரோடு கடலில் இறங்கும் நமக்கு இது ஒரு கஷ்டமா? ஆனாலும் மே மாதம் அங்கேயும் தென்மேற்குக் காற்று புகுந்துவிடும். மாலத்தீவுக்கு ஏற்றது ஜனவரி முதல் ஏப்ரல் வரை.

பாலித் தீவு? பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நமக்குச் சாதகம்தான். குழந்தைகளோடு போனால், அலைச் சறுக்குக்காரர்கள் கூடும் கூட்டா கடற்கரையை விட, பவளப் பாறைகள் அணை போட்டிருக்கும் சனூர் நல்லது. ஆனால் தூரம் அதிகம். டிக்கெட் விலையை நான்கால் பெருக்கிப் பார்த்தால் மகாநாடு ஒத்திவைக்கப்பட்டு விடும்!

இனி, மூக்கின் கீழேயே இருக்கும் இலங்கைக்கு வருவோம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான். பெந்தோட்டை, ஹிக்கடுவை, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று விளம்பரங்களில் வருபவை எல்லாம் தென்மேற்குக் கரை. டிசம்பர் முதல் மார்ச் வரைதான் அவற்றுக்குச் சிறப்பு. மே மாதம் அங்கே போனால் புக்கெட் கதைதான்.

ஆனால் அதே தீவின் கிழக்குக் கரையில் அப்போதுதான் நல்ல காலம் பிறக்கிறது. தென்மேற்குக் காற்று தன் மழையை மேற்குக் கரையிலும் நடுவிலுள்ள மலைகளிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, கிழக்கே வெறும் கையோடுதான் வந்து சேர்கிறது. அதனால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை திருகோணமலைக் கடல் பெரும்பாலும் குளம் போல் இருக்கும்.

நகரத்துக்கு அருகே உப்புவெளி. அதற்கும் வடக்கே நிலாவெளி. பெயரைச் சொல்லும்போதே போகத் தோன்றுகிறதல்லவா? வெண்மணல், ஆழம் குறைந்த நீர். நிலாவெளியிலிருந்து படகில் சற்று நேரம் போனால் புறாத் தீவு. 2003 முதல் இது தேசியப் பூங்கா. முகக் கண்ணாடி அணிந்து நீரில் மிதந்தால் பவளப் பாறைகளிடையே வண்ண மீன்கள் வளைய வருவதைக் காணலாம். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்று குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அது கல் அல்ல, உயிர். இன்னும் தெற்கே பாசிக்குடாவில் வெகு தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. அதற்கும் தெற்கே உள்ள அறுகம் குடா அலைச் சறுக்குக்காரர்களின் இடம், குழந்தைகளுக்கு வேண்டாம்.

கடல் அலுத்துவிட்டால் கோணேசுவரர் இருக்கிறார். செங்குத்துப் பாறை உச்சியில் கோயில். கீழே பார்த்தால் தலை சுற்றும். சம்பந்தர் பாடிய தலம் இது. பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். இன்று பிரெடரிக் கோட்டையின் வாசலைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூச்சமில்லாமல் உலவுகின்றன. குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்! கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு சூடு. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலாக, அங்கே கடைத்தெருவில் உங்கள் தமிழ் செல்லும். பேரத்துக்கு இடைத்தரகர் வேண்டாம். பிட்டும் இடியப்பமும் சொதியும் சம்பலும் குழந்தைகளுக்கு அந்நியமாகவும் இராது. இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 1983 முதல் 2009 வரை போர், நடுவே 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை, 2022-இல் பணமுடை. இத்தனையும் தாங்கிய கரை இது. பெரிய ஓட்டலை விட்டு, ஒரு குடும்பம் நடத்தும் சிறு விடுதியில் தங்கினால் உங்களுக்கும் சிக்கனம். அந்த வீட்டு அடுப்புக்கும் அது உதவி.

இப்போது நிதி மந்திரியின் குறிப்பேட்டைத் திறவுங்கள்.

கொழும்பிலிருந்து திருகோணமலை சுமார் 260 கிலோமீட்டர். காரில் ஆறேழு மணி நேரம். இந்தச் செலவு விமான டிக்கெட்டில் தெரியாது, மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். வழியில் தம்புள்ளைக் குகைக் கோயிலில் இறங்கி இளைப்பாறலாம்.

அறை வாடகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அதற்கு அர்த்தம். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய வாரம் வேண்டாம். தமிழரும் சிங்களரும் சேர்ந்து கொண்டாடும் பண்டிகை அது. பல கடைகள் மூடியிருக்கும். அறையும் வாகனமும் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஏப்ரல் கடைசி வாரம் உத்தமம்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது பாக்கி இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் அரசாங்கத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சாதுவான கடலானாலும், இறங்குமுன் கரையில் வலை உலர்த்தும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குழந்தை நீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவரின் கண் அதன் மேலேயே இருக்கட்டும்; கைப்பேசி மேல் அல்ல.

ஒரு வருஷம் பால் கணக்கிலும் மளிகைக் கணக்கிலும் மிச்சம் பிடித்த பணம் அல்லவா? விமானக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். மாதத்தை முடிவு செய்துவிட்டால் ஊர் தானே முடிவாகும். அப்புறம் மகாநாட்டைக் கூட்டுங்கள். தலைமை வகிப்பது நீங்கள்தான்!