உறை நீங்கிய இயந்திரம்

ஓசூருக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளிக்கும் இடையே, ஷிப்டு மாறும் வேளையில் சாலையோரம் நின்று பார்த்தால், இவ்வட்டாரத்தின் வாழ்வு எதை நம்பியிருக்கிறது என்பது விளங்கும். அசோக் லேலண்டும் டைட்டனும் 1980-களில் இங்கே வேரூன்றின. இன்று ஓசூரில் ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா என மின் ஸ்கூட்டர்களும் உருவாகின்றன. நம் பங்கின் இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிவது ஆலைகளால்தான்.

சில மாதங்களுக்கு முன், மாலைச் செபமாலை முடிந்தபின், தொழிற்பயிற்சி நிலையப் பயிற்றுநர் ஒருவர் நம்மைக் காண வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக லேத்தில் மாணவரைப் பழக்கியவர். "சாமி, விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமென்றிருக்கிறேன்" என்றார். அவருடைய பணிமனைக்கு சி.என்.சி. இயந்திரமும், அதைக் கணினித் திரையிலேயே ஓட்டிப் பழகும் மென்பொருளும் வந்து ஓராண்டாகியும், உறைகூட நீக்கப்படவில்லையாம்.

சோம்பல் என்றெண்ணிச் சற்றுக் கடிந்தே பேசினோம். அவர் பொறுமையாகச் சொன்னவை நம்மை நாணச் செய்தன. கிடைத்த பயிற்சி ஐந்தே நாள். அதிலும் கைவைத்துப் பார்க்க வாய்த்தது சிறிது நேரமே. கையேடோ ஆங்கிலத்தில். பழுது நேர்ந்தால், இருப்புப் பதிவேட்டில் கையொப்பமிட்டவரே பதில் சொல்ல வேண்டும். தற்காலிகப் பயிற்றுநருக்கோ அடுத்த ஆண்டு வேலை உண்டோ இல்லையோ என்ற கவலை. இவையனைத்திற்கும் மேலாக, "பதினேழு வயதுப் பையன்கள் முன்னால் தவறான பொத்தானை அழுத்திவிட்டால் என் மரியாதை என்னாகும் சாமி?" என்றார்.

அந்த அச்சம் நமக்குப் புதிதன்று. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் கைப்பேசி வழியே திருப்பலியை ஒளிபரப்ப முற்பட்டபோது, ஒலியை அடைத்துவிட்டு மறையுரை முழுவதையும் ஆற்றி முடித்தோம்! பீடச் சிறுவன் ஒருவனே அன்று நமக்கு ஆசானானான். இதைக் கேட்டு அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

அரசு பொருள் செலவிடாமலில்லை. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் தரமுயர்த்த, 2022-இல் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் கைகோத்தது. பயிற்சி நூல்களை ஆக்கவென்றே, ஜெர்மானிய உதவியுடன் 1986-இல் சென்னையில் ஒரு நிறுவனம் தோன்றியது. ஆயினும் இயந்திரத்தை வாங்குவதுபோல், அதைத் தொடும் துணிவை விலைக்கு வாங்கவியலாது. பழக நேரமும், பிழைத்தால் திருத்த ஆளும் இருக்குமிடத்திலேயே அது பிறக்கும்.

அவரிடம் பயின்ற நம் பங்கு இளைஞர் ஒருவர், எல்லைக்கு அப்பால் பொம்மசந்திராவில் இத்தகைய இயந்திரத்தில் பணியாற்றுகிறார். நிலைய முதல்வரின் இசைவு பெற்று, மாணவர் இல்லாத சனிக்கிழமை மாலைகளில் தம் ஆசிரியருடன் வந்து நின்றார். முதல் மாதத்தில் மூன்று டூல்கள் முறிந்தன. முதல்வர் அவற்றைப் பயிற்சிச் செலவில் எழுதினார்; பயிற்றுநரை ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான்காம் மாதம் அவர் மாணவர் முன் நின்று, "எனக்கும் இது புதிது, சேர்ந்தே கற்போம்" என்று தொடங்கினார். மரியாதை குறையவில்லை. ஓய்வு விண்ணப்பமும் எழுதப்படவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, "வாத்தியாருக்கே தெரியவில்லை" என்று பிள்ளைகள் நகைத்தால், நீங்களும் சேர்ந்து நகையாதீர்கள். ஆலைகளில் உழைக்கும் சகோதரரே, உங்களுக்குத் தொழில் கற்பித்தவரை ஒருமுறை சென்று காணுங்கள். நீங்கள் இன்று அறிந்ததை அவருக்குக் கற்பிப்பதும் குருதட்சிணையே.