சிவப்புக் கோபுரமா, தங்கக் கோபுரமா?



நம்ம ஆலயத்துக்கு ரெண்டு செயலி இருக்கு. ஒன்னு, நீங்க அர்ச்சனை பதிவு செய்ய. இன்னொன்னு, தொண்டர்கள் நாங்க சோதிச்சுப் பார்க்க. ரெண்டுக்கும் இதுவரை ஒரே தங்கக் கோபுரப் படம்தான்.

போன மாதம் ஒரு பாட்டியின் கைப்பேசியில் சோதனைச் செயலியைப் போட்டுப் பார்த்தோம். அழிக்க மறந்துட்டோம். பாட்டி அதிலேயே கணவரின் திதிக்கு மோட்ச அர்ச்சனை பதிஞ்சிட்டாங்க. அன்றைக்குக் காலையில பூ, பழத்தோட வந்து நின்னாங்க. பட்டியல்ல பேர் இல்ல. ஐயர் உடனே செய்து கொடுத்தார். "பரவாயில்லப்பா"ன்னு பாட்டி சொன்னாங்க. எங்களுக்குத்தான் அவங்க முகத்தைப் பார்க்க முடியல.

நாங்க வேலை செய்யும் தொழிற்சாலையில் ரிஜெக்ட் சாமான் சிவப்புப் பெட்டிக்குத்தான் போகும். யாருடைய ஞாபகத்தையும் நம்புறதில்ல. அதையே நம்ம இளைஞர்களிடம் சொன்னோம். இப்ப சோதனைச் செயலிக்குச் சிவப்புக் கோபுரம், கீழே 'சோதனை'ன்னு பேரு. ஆண்ட்ராய்டில் சோதனைக்குன்னு தனி போல்டர் வைக்கலாமாம். அதே பேர்ல சிவப்புப் படத்தை அதுல போட்டுட்டா, சோதனைச் செயலி தயாராகும்போது அந்தப் படமே ஏறிக்கும். ஒவ்வொரு தடவையும் கையால மாத்த வேண்டாம், மறக்கவும் வழியில்ல.

உங்க கைப்பேசியில் சிவப்புக் கோபுரமோ, ரெண்டு கோபுரமோ தெரிஞ்சா, அர்ச்சனைச் சீட்டு முகப்பில் காட்டுங்க. நாங்க சரிபண்ணித் தர்றோம். பதிவு செய்யத் தங்கக் கோபுரம் மட்டுமே.

பாட்டி, எங்களை மன்னிச்சிடுங்க. அம்மன் அருள் அனைவருக்கும் கிட்டட்டும்.