பெட்டிக்கடையில் கிடக்கும் நம் பெயர்

எங்கள் காலனியில் எந்த வீட்டிலும் தபால் பெட்டி கிடையாது. தபால்காரர் ஊர்த்தெரு முனைப் பெட்டிக்கடையில் கட்டைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். சேரிக்குள் சைக்கிள் வராதாம். தேர்தல் வந்தால் கார் மட்டும் வருகிறது!

ஆதார் கடிதம், ஏடிஎம் அட்டை, உதவித்தொகைக் கணக்கு பற்றிய வங்கிக் கடிதம் எல்லாம் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டலாம். சில உறைகள் பிரிந்தேதான் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, முகவரி, ஆதார் எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கும். படம் பிடிக்க ஒரு செல்போன் போதும். நம் பெயரில் சிம் வாங்க, கடன் எடுக்க முயல்கிறவன் அங்கேதான் தொடங்குகிறான். பிறகு போலீஸ் யார் வீட்டைத் தேடி வரும் என்று சொல்ல வேண்டுமா?

தோழர்களே, நம் பெயரில் எத்தனை செல்போன் எண்கள் ஓடுகின்றன என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஆதார் தளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். நகல் கேட்டால், கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுக்கலாம். பணம் பறிபோனால் உடனே 1930.

இதெல்லாம் நாம் போடும் பூட்டு. கடிதத்தை உரியவர் வீட்டில் சேர்ப்பது யார் வேலை? டீக்கடையில் தனிக்குவளை வைத்தால் வழக்குப் போடுகிறோம். தெருவுக்குள் கால் வைக்காத தபாலை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்?

இந்த மாதம் வீட்டு எண்களோடு கையெழுத்து வாங்கி, கோட்ட அஞ்சல் கண்காணிப்பாளரிடம் மனுக் கொடுக்கிறோம். உங்கள் ஊரில் கட்டு எந்தக் கடையில் கிடக்கிறது?