சிப்புக்குள் மிஞ்சியவை

மார்ட்டல் காம்பாட் ஆட்டப் பெட்டியில் கடைக்காரருக்கு மட்டுமான கணக்குப் பக்கம் ஒன்று உண்டு. எவ்வளவு காசு விழுந்தது, எத்தனை ஆட்டம் நடந்தது என்று வரிவரியாகக் காட்டும். 1992இல் அமெரிக்காவின் மிட்வே நிறுவனம் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் கணக்குப் பக்கத்தில் 'எர்மாக்ஸ்' என்றொரு வரி இருந்தது. பக்கத்திலேயே ரெப்டைல் என்ற பச்சை உடை வீரன் எத்தனை முறை தோன்றினான் என்ற கணக்கு. ரெப்டைல் ஒளித்து வைக்கப்பட்ட வீரன். அப்படியானால் எர்மாக்கும் ஒளிந்திருப்பவன்தான் என்று ஆடுகிறவர்கள் முடிவு கட்டினார்கள். சிவப்பு உடையில் அவனைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. உண்மையில், நிரல் எங்காவது தடுமாறினால் எண்ணி வைக்க நிரலாளர் எட் பூன் எழுதிய 'எரர் மேக்ரோ' அது, சுருக்கி எர்மாக். ஆனால் மக்கள் நம்பிக்கை அதோடு அடங்கவில்லை. 1995இல் அல்டிமேட் மார்ட்டல் காம்பாட் 3 வந்தபோது, உருவாக்கியவர்களே எர்மாக்குக்குச் சிவப்பு உடை கொடுத்து ஆடவிட்டார்கள்.

சண்டை ஆட்டங்களின் சிப்புகளுக்குள் இப்படி மிஞ்சிக் கிடப்பவை ஏராளம். யாரும் தேர்ந்தெடுக்க முடியாத வீரன், எந்தப் பொத்தானுக்கும் வராத உதை, ஒலிக்காத குரல், சோதனைக்காகப் போட்ட மேடை. 2001இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ ஆட்டத்தில், அதை உருவாக்கியவர்கள் பிழை பார்க்கப் பயன்படுத்திய முழு மெனுவும் வட்டுக்குள்ளேயே இருக்கிறது. தனிக் கருவி ஒன்றை மாட்டினால் திறக்கும்.

ஏன் அழிக்காமல் விடுகிறார்கள்? சண்டை ஆட்டத்தில் ஒரு வீரனுக்கே நூற்றுக்கணக்கான படங்கள் வரைய வேண்டும். ஒவ்வொரு படத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத கட்டங்கள்: இந்த இடத்தில் பட்டால் அடி, இந்த இடத்தில் பட்டால் வலி. இவை எல்லாம் எண் போட்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஓர் உதை பலமாக இருந்து ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று கடைசி நேரத்தில் தெரிந்தால், அதை உருவி எடுப்பது ஆபத்து; எண் தவறினால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேறொன்று உடையும். ஆகவே அதற்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டு, பொருளை அப்படியே விட்டுவிடுவார்கள். வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது பொறுப்பான நிரலாளர் எவரும் செய்யக்கூடிய காரியம்தான்.

எப்போதும் இது நல்லபடியாக முடிவதில்லை. சண்டை ஆட்டம் அல்லாவிட்டாலும், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ் கதையைச் சொல்ல வேண்டும். வழியடைத்து விட்டுவைத்த பாலுறவுக் காட்சி ஒன்றை 2005இல் வெளியாள் ஒருவர் திறந்து காட்ட, அமெரிக்காவில் அந்த ஆட்டத்தின் தரச்சான்று வயதுவந்தோருக்கு மட்டும் என்று மாறியது; கடைகள் அதை அடுக்கிலிருந்து எடுத்தன.

எங்கள் கொமரலிங்கம் அமராவதி ஆற்றங்கரையில் நெல் விளையும் ஊர். ஆனால் பனியன் தொழில் எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்து நெடுநாள் ஆகிறது. மிஞ்சிய சரக்கு என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஓர் ஆர்டருக்கு வெட்டும்போதே சேதாரத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாக வெட்டுவார்கள். ஏற்றுமதி போக மீந்ததும், பையர் வேண்டாம் என்றதும் திருப்பூர் காதர்பேட்டைக்கு வரும், லேபிள் வெட்டப்பட்டு. செக்கிங்கில் வேலை பார்க்கும் என் அக்கா மகளிடம் அப்படி ஒதுக்கப்பட்ட சட்டை ஒன்றைக் காட்டிக் கேட்டேன். "பீஸ்ல ஒரு குத்தமும் இல்லீங் மாமா. பையருக்குக் கலர் புடிக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

ஆட்டத்தில் வழியடைக்கப்பட்ட உதையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். மேடைக்கு வந்த உதையை வரைந்த அதே கைதான் அதையும் வரைந்தது. அதே இரவு வேலை, அதே கவனம். தரம் குறைந்ததால் ஒதுக்கப்பட்டது என்று நினைப்பது பெரும்பாலும் தப்பு. அந்தக் கைகளுக்குரியவர்களின் பெயர்கூட வெளியே தெரியாத காலம் ஒன்று இருந்தது. 1991இல் ஜப்பானின் கேப்காம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளியிட்டபோது, பங்காற்றியோர் பட்டியலில் புனைபெயர்களே இருந்தன; போட்டி நிறுவனங்கள் ஆட்களை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. அகிரா நிஷிதானி 'நின் நின்', படம் வரைந்த அகிரா யசுதா 'அகிமன்'. யானைகள் நிற்கும் மேடையில் கைகால் நீட்டிச் சண்டையிடும் நம் நாட்டு தால்சிம் உட்பட அந்த ஆட்டத்தின் பெரும்பாலான இசை யோகோ ஷிமோமுரா என்ற இளம்பெண்ணுடையது. அப்போது சிறுவர்களாக ஆடிய எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

அதே ஆட்டத்தில் வேறு மாதிரியும் ஒன்று மிஞ்சியது. தயாரிப்பில் இருந்த நொரிடாகா ஃபுனாமிசு, காரை உடைக்கும் இடைச் சுற்றைச் சோதித்தபோது, சரியான கணத்தில் அழுத்தினால் ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி சேர்வதைக் கவனித்தார். திட்டமிட்டு வைத்ததல்ல. அவ்வளவு துல்லியமாக யாராலும் அழுத்த முடியாது என்று எண்ணி அதை நீக்காமல் விட்டார்கள். உலகமெங்கும் பையன்கள் அழுத்தினார்கள். அதுதான் இன்று காம்போ. அது இல்லாத சண்டை ஆட்டத்தை இப்போது நினைத்துப் பார்க்க முடியுமா?

உடுமலைப் பக்கத்து வீடியோ கேம் கடைகளில் எங்களுக்கு ஆட்டங்களின் உண்மைப் பெயரே தெரியாது. கேப்காம் 1993இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் தமிழ்நாடு முழுக்க 'முஸ்தபா'தான். மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் அது. ஸ்ட்ரீட் ஃபைட்டரிலோ, ஆட்டத்தின் நடுவே பொத்தானைத் தட்டினால் ஆளே மாறிவிடுவான், நெருப்புப் பந்து அந்தரத்தில் பறக்கும். அது நிறுவனத்துக்குத் தெரியாமல் திருத்தப்பட்ட ரெயின்போ எடிஷன் வகை மின்சுற்றுப் பலகை. அதன் வேகத்தைப் பார்த்த பிறகே கேப்காம் 1992 இறுதியில் தன் ஆட்டத்தை முடுக்கி டர்போ பதிப்பைக் கொண்டுவந்தது. நகல் எடுத்தவர் மூலவரைத் திருத்திய கதை இது.

நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997இல் தொடங்கிய மேம் என்னும் மென்பொருள் இந்தப் பலகைகளின் சிப்புகளிலிருந்து எழுத்து விடாமல் எடுத்த படிகளைக் கணினியில் ஓடவைத்துக் காக்கிறது. நகல் பலகைகளுக்கும் அதில் இடம் உண்டு. மிஞ்சியவற்றைத் தேடுகிறவர்கள் அந்தப் படிகளைத்தான் பிரித்துப் படிக்கிறார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. கேப்காமின் சிபிஎஸ் 2 பலகையில் ரகசியத் திறவுகோலைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சிறு பேட்டரி. அது தீர்ந்தால் ஆட்டமே ஓடாது. அந்தப் பூட்டை 2001இல் ஆர்வலர்கள் உடைத்ததால்தான் பல ஆட்டங்கள் தப்பின.

நம் பக்கத்துக் கடைகள் மூடியபோது பெட்டிகள் விறகுக்கும் பலகைகள் பழைய இரும்புக் கடைக்கும் போயின. உடுமலை, பழநி, தாராபுரம் வீடுகளின் பரணில் இன்னும் சில கிடக்கலாம். வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போடும் முன், சிப்பைப் படியெடுக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பலகை உடைந்திருந்தாலும் பரவாயில்லை, சிப் உடையாமல் இருந்தால் போதும்.