67.6 சென்டிமீட்டர்!

திருநெல்வேலி ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால், எப்படியாவது ஜன்னலோரம் இடம் பிடித்துவிடுங்கள். பேட்டை தாண்டியதும் வயல். சேரன்மாதேவி வந்ததும் மலை. கல்லிடைக்குறிச்சி வந்தால் அப்பள ஞாபகம். அதையும் தாண்டினால் பாலம். கீழே நம்ம தாமிரபரணி!

1902-ல் கல்லிடைக்குறிச்சி வரைக்கும், 1903-ல் செங்கோட்டை வரைக்கும் போட்ட பாதை இது. நூறு வருஷம் மீட்டர் கேஜில் ஓடியது. அப்புறம், அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மூடினார்கள். மூடினார்கள்... மூடியே வைத்திருந்தார்கள்.

மீட்டர் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே 1 மீட்டர். அகலப்பாதை என்றால் 1.676 மீட்டர். வித்தியாசம் 67.6 சென்டிமீட்டர். பாலம், மண்மேடு, பிளாட்பாரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், வாஸ்தவம்தான். இருந்தாலும் முழங்கை ஒன்றரை அகலத்துக்கு வருஷக்கணக்கா? பி.காம். படித்த எனக்கே கணக்கு உதைத்தது.

என் பெரியப்பாவுக்குக் கல்லிடைக்குறிச்சி. ரயில் நின்றபிறகும், சாயங்காலமானால் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். இரண்டு மூன்று சேக்காளிகளும் சேர்ந்துகொள்வார்கள்.

"வராத வண்டிக்கு எதுக்குப் பெரியப்பா போறீங்க?" என்றேன்.

"ஆள் வராத ஸ்டேஷன்னு நாளைக்கு எவனும் சொல்லிறப்படாதுல்லா, அதுக்குத்தாம்டே!"

கொடி இல்லை, கோஷம் இல்லை. மறியல் பண்ணலாம் என்றால், மறிக்க ரயிலே இல்லையே!

2012 செப்டம்பரில் ரயில் திரும்ப வந்தது. பார்க்கப் பெரியப்பா இல்லை. அந்த வருஷம் தையிலேயே போய்விட்டார். மலையைத் தாண்டிப் புனலூர் போகிற பாதை 2010-ல் மூடி, 2018-ல்தான் திறந்தது. அங்கே எத்தனை பெரியப்பாக்களோ!

2024-ல் ஒரு செய்தி படித்தேன். தெலங்கானாவில் நெக்கொண்டா என்று ஒரு ஊர். வருமானம் காட்டினால்தான் ரயில் நிற்கும் என்ற நிலைமை. ஊர்க்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, பயணமே செய்யாமல் தினமும் டிக்கெட் வாங்கினார்களாம்! பஸ்ஸை உடைக்கவில்லை, ரோட்டை மறிக்கவில்லை. வரவுக் கணக்கையே போராட்டமாக்கிவிட்டார்கள். பெரியப்பா இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு கார்டு போட்டிருப்பார்.

போன வாரம் ஜங்ஷன் கவுன்ட்டரில், "கல்லிடைக்குறிச்சி ரெண்டு" என்றேன்.

பின்னால் நின்றவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "தனியாத்தானே வந்தீக? இன்னொருத்தர் எங்க சார்?"

"ஸ்டேஷன்ல உக்காந்திருப்பார்" என்றேன்.