வாசற்படிக்கு அப்பால் ஒரு குரல்

இரண்டாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்" என்பார்கள் பெரியவர்கள். இப்பழமொழியைப் பள்ளிக் கட்டுரைகளில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது 2024 பிப்ரவரி 17 அன்று காலையில்தான்.

இரண்டு நாளாக இலேசான காய்ச்சல். அலைச்சலால் வந்தது என்று எண்ணியிருந்தேன். அன்று சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றால், மார்பெங்கும் பனித்துளி போலக் கொப்புளங்கள்! பார்த்ததும் அம்மா கைகூப்பி, "ஆத்தா வந்திருக்கா" என்றார். மாலைக்குள் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அடுப்படியில் தாளிக்கும் ஓசை நின்றது. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருந்த தங்கை, புத்தக மூட்டையுடன் அடுத்த தெருவில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பானைத் தண்ணீர், ஒரு சன்னல், நான்.

மருந்து சாப்பிடலாமா என்பதில் வீட்டில் பெரிய வழக்கு நடந்தது. அம்மை கண்டவனுக்கு மாத்திரை கொடுத்தால் தெய்வக் குற்றம் என்று அம்மா அஞ்சினார். தீர்ப்பு வழங்கியவர் அப்பத்தா. "மாத்திரை குடுக்கக் கூடாதுன்னு ஆத்தா ஒன்கிட்ட வந்து சொன்னாளா? வேப்பிலையும் இருக்கட்டும், வைத்தியமும் பாக்கட்டும்" என்றார். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மாத்திரை தந்தார். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். ஆஸ்பிரின் மட்டும் தொடக்கூடாது என்றார். கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை தனித்திருக்கச் சொன்னார். உடம்புக்குச் செய்ய வேண்டியவை அத்துடன் முடிந்தன. மனத்துக்கு என்ன செய்வது? அதற்கு அவரிடம் சீட்டு இல்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை.

முதல் மூன்று நாள் அரிப்பும் எரிச்சலும் மனத்தை வேறெங்கும் போக விடவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. அப்போதுதான் உண்மையான நோய் தொடங்கியது. பகலெல்லாம் உறங்கினேன், இரவெல்லாம் விழித்திருந்தேன். கைப்பேசியில் நண்பர்கள் கல்லூரி விழாவுக்கு ஒத்திகை பார்க்கும் படங்கள் வந்தபடி இருந்தன. நான் இல்லாத இடம் எங்குமே காலியாகத் தெரியவில்லை. உள்மதிப்பீட்டுத் தேர்வுகள் தவறிவிட்டன. 'இனிப் படித்து என்ன ஆகப் போகிறது? சித்தப்பாவுடன் திருப்பூருக்குப் போய்விடலாம்' என்றுகூட முடிவு செய்தேன். முகத்திலிருந்த கொப்புளங்களைத் தடவித் தடவிப் பார்த்து, இந்த முகத்தோடு வகுப்பறைக்குள் எப்படி நுழைவது என்று குமைந்தேன்.

நண்பர்களே! 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாமெல்லோரும் பள்ளிச் சிறுவர்கள். அடைபட்டுக் கிடப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் அன்று உலகமே கதவை மூடியிருந்தது. நாம் எதையும் இழக்கவில்லை என்று தோன்றியது. இன்றோ உலகம் ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் உள்ளே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று.

எல்லாவற்றிற்கும் மேலாக ஓர் அச்சம் என்னை அரித்தது. கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே சின்னம்மை பரவத் தொடங்கிவிடும். தொற்றியவருக்கு அது வெளிப்பட 10 முதல் 21 நாட்கள் ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காய்ச்சல் தொடங்கிய அந்த இரண்டு நாளும் தங்கையைச் சிறப்பு வகுப்புக்கு வண்டியில் ஏற்றிச் சென்றவன் நான். தேர்வோ மார்ச் 1 அன்று தொடக்கம். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்; கணக்கு நேரே அவள் தேர்வு நாட்களில் போய் நின்றது. மருத்துவர் ஆக வேண்டும் என்றெல்லாம் அவள் பேசவில்லை. செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பதுதான் அவள் கனவு. அதை நான் கெடுத்துவிட்டேனோ?

ஆறாம் நாள் இரவு நான் அழுதது அப்பத்தாவுக்குக் கேட்டிருக்கிறது. வெளியே பாயை இழுத்துப் போடும் ஓசை கேட்டது. "ஏய்யா, தூங்கலையா?" என்றார். நான் பேசவில்லை. அவரே பேசத் தொடங்கினார்.

அப்பத்தாவின் முகத்திலுள்ள குழிகள் பெரியம்மைத் தழும்புகள் என்பது எனக்குத் தெரியும். அவற்றின் கதை தெரியாது. ஏழு வயதில் அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒருசேரப் பெரியம்மை கண்டதாம். தம்பி பிழைக்கவில்லை. அதை அவரிடம் சொல்லாமலே மறைத்திருக்கிறார்கள். "எங்காத்தா வாசப்படிக்கு அங்கிட்டு ஒக்காந்து ராவெல்லாம் பேசிக்கிட்டே இருக்கும். என்ன பேசுச்சுன்னு ஒரு வார்த்தை ஞாபகமில்லை. ஆனா அந்தக் கொரலு இருந்துச்சு. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் வந்தேன்" என்றார். பிறகு, "எனக்கு ரெண்டு அம்மையும் வந்து போயிருச்சு. நான் இனி இங்கினதான் படுப்பேன். நீ பேசு" என்றார்.

பேசினேன். தங்கையைப் பற்றிய அச்சத்தை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். அப்பத்தா சமாதானம் சொல்லவில்லை. "வந்தா வரட்டும், பாத்துக்குவோம். அதுவரைக்கும் அவளுக்கு நீ என்ன செய்யப் போறே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் எனக்கு மருந்தாயிற்று. மறுநாளிலிருந்து இரவு எட்டு மணிக்குத் தங்கையைத் தொலைபேசியில் அழைத்து, வரலாற்றுப் பாடத்தில் இருபது கேள்விகள் கேட்டேன். அதற்காகப் பகலில் நான் படிக்க வேண்டியதாயிற்று. பகலில் படிக்க உறக்கத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. சன்னல் வெயில் சுவரில் எங்கே விழுகிறது என்று கரியால் கோடு போட்டு, கோட்டுக்கொரு வேலை வகுத்துக்கொண்டேன். விழாப் படங்கள் பார்ப்பதை நிறுத்தி, ஒரே ஒரு நண்பனை மட்டும் நாள்தோறும் அழைத்து, அன்றைய பாடத்தைக் கேட்டேன். கண்ணாடியை அம்மாவிடமே கொடுத்தனுப்பினேன். நோய் அப்படியேதான் இருந்தது. ஆனால் நாளுக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

வரலாற்று மாணவன் என்பதால் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். 1377 ஆம் ஆண்டு ரகூசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் கண்ட ஊர்களிலிருந்து வருவோர் 30 நாள் விலகியிருக்க வேண்டுமென ஆணையிட்டது. பின்னாளில் அது 40 நாளாயிற்று. நாற்பது என்ற இத்தாலியச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' பிறந்தது. அப்பத்தாவின் தம்பியைக் கொண்டுபோன பெரியம்மை 1975 இல் இந்தியாவை விட்டு ஓடியது. 1980 இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாட்களும் ஆண்டுகளும் ஏட்டில் உள்ளன. உள்ளே கிடந்தவர் நெஞ்சில் நடந்தது ஏட்டில் இல்லை, அப்பத்தாக்களிடம் இருக்கிறது.

பொருக்குகள் உதிர்ந்தன. வேப்பிலையும் மஞ்சளும் இட்ட தண்ணீரை மூன்று முறை தலைக்கு விட்டார்கள். தங்கை தமிழ்த் தேர்வை நன்றாக எழுதினாள். நான் மூச்சுவிட்டேன். ஆனால் எனக்கு அம்மை கண்ட பதினேழாம் நாள் அத்தை வீட்டிலிருந்து செய்தி வந்தது: அவள் கழுத்தில் நான்கு கொப்புளங்கள்.

கால்கள் தளர்ந்தன, உட்காரவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தேர்வுக்குத் தனியறை தந்தார்கள். மீதித் தேர்வுகளை அவள் அங்கேதான் எழுதினாள். நான் பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். இரவில் அதே கொட்டகை, அதே கட்டில். வாசற்படியில் இப்போது என் பாய்.

"அண்ணே, தூங்கிட்டியா?" என்பாள். "இல்லம்மா, கேள்வி கேக்கட்டுமா?" என்பேன்.

பொதுத்தேர்வில் தேறினாள். செவிலியர் படிப்புக்கு மனுவும் போட்டாள். நான் திருப்பூருக்குப் போகவில்லை. இந்த இதழில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்பு நண்பர்களே! உங்கள் வகுப்பில் யாராவது பத்து நாள் வராமல் இருந்தால், வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு விழுவதோடு அவரை மறந்துவிடாதீர்கள். நாளுக்கு ஒரு முறை அழையுங்கள். பெரிய ஆறுதல் மொழிகள் வேண்டியதில்லை. இன்றைய பாடம் என்னவென்று சொன்னால் போதும். அழைக்க ஆளில்லாத இரவுகளில் 14416 என்ற எண்ணில், 2022 முதல் இயங்கும் அரசின் மனநல உதவி மையம் இருக்கிறது. நான் அதை அறியாதிருந்தேன், நீங்கள் அறிந்திருங்கள். தொற்றுக்கு அஞ்சி உடல் விலகி நிற்கலாம். குரலுக்குத் தொற்று ஏது?